பதினாறில் ஐந்து

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
வானம் பானையில்லை.
ஆகவே லியுப்லியானாவில்,
மூடுபனி ஜன்னலை அடைத்த மூன்றாம் மாடியில்,
பதினாறு பருக்கை நசுக்கிப் பார்க்கிறோம்.

அதே மலை, அதே கடல், அதே நள்ளிரவு.
ஒன்றில் மட்டும் கடல் கால் டிகிரி சூடு.
இன்னொன்றில் ஈரம் ஒரு சிட்டிகை தூக்கல்.
பிறகு ஓடவிடுகிறோம், நாளை மறுநாள்வரை.
பதினாறும் பெற்றாயிற்று;
பெருவாழ்வுக்குத்தான் சோதனை நடக்கிறது.

முதல் குளிர்காலத்தில் பிள்ளைகள்
ஒற்றுமையாக இருந்தார்கள்.
அதுதான் நோய்.
பதினாறும் தோளோடு தோள் ஒட்டி
நூறு கிலோமீட்டர் என்று சொல்ல,
புர்யா நூற்று அறுபதில் இறங்கி
விபாவா பள்ளத்தாக்கில்
ஒரு லாரியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனது.
யெர்னேயா வரைந்த படத்தில்
நடுவே பள்ளம், இரண்டு ஓரமும் உயரம்,
கழுவி வைத்த கிண்ணம் போல.
இத்தனை நாளும் உண்மை
எங்கள் கூட்டத்துக்கு வெளியே நின்றிருக்கிறது,
கதவைத் தட்டாமல்.

பிறகு ஒன்றரை வருடம்
அவர்களுக்குச் சண்டைபோடக் கற்றுக்கொடுத்தோம்.
மண்ணின் ஈரத்தைக் கலைத்தோம்.
மேகம் பிறக்கும் விதியைக் கொஞ்சம் தளர்த்தினோம்.
பதிமூன்றாவது மட்டும்
எதற்கெடுத்தாலும் பிரளயம் என்றது.
தூக்கிவிடலாம் என்றான் பிளாஷ்.
தூக்கிப் பார்த்தோம், மதிப்பெண் குறைந்தது.
திரும்ப உட்காரவைத்தோம்,
யாரும் எதுவும் பேசவில்லை.

கணினிக்கு மலை என்பது
இரண்டரைக் கிலோமீட்டர்ப் பெட்டிகள் அடுக்கிய படிக்கட்டு.
பள்ளத்தாக்கின் அகலமே மூன்று பெட்டி.
ஓடு பறக்காமல் இருக்க
அந்த ஊர்க்காரர்கள் கூரையில் ஏற்றிவைத்த கல்
ஒன்றுகூட அதில் இல்லை.
அதை வைத்துக்கொண்டுதான்
பழைய இரவுகள் நானூறை மறுபடி ஓட்டினோம்.
வீசி முடித்த காற்றை முன்னறிவிப்பது
கொஞ்சம் வெட்கமான வேலை.
சம்பளம் அதற்குத்தான்.

பிப்ரவரி ஒன்பது.
பதினாறில் ஐந்து நூற்று ஐம்பதைத் தாண்டின.
பிளாஷ் நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் போன் செய்தான்.
மாலை ஆறு மணியிலிருந்து
பெரிய வண்டிகளுக்குத் தடை.

காற்று வரவில்லை.
கொடிக்கயிற்றில் யாரோ மறந்த ஒற்றைக் காலுறை
விடியும்வரை நேராகத் தொங்கியது.

காலையில் காற்றுமானியைப் பார்க்கப் போனேன்.
லாரி நிறுத்தத்தில் சோங்கோர்.
கோப்பர் துறைமுகத்திலிருந்து இருபத்திரண்டு டன் ஆரஞ்சு,
ஹங்கேரிக்குப் போகவேண்டும்.
என் சட்டையிலிருந்த சின்னத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்:
"ஐந்து பேர் சொன்னதற்குப்
பதினோரு பேர் வாயை மூடுவதா?"

இதற்கு என்னிடம் விடை உண்டு,
கூட்டங்களில் சொல்லிப் பழகியது.
"நாங்கள் இப்படிச் சொல்லும் பத்து இரவுகளில்
ஏழில் காற்று வரக்கூடாது.
பத்திலும் வந்தால்தான் நாங்கள் பொய்யர்கள்.
நேற்று அந்த ஏழில் ஒன்று."

அவர் ஒரு சிகரெட் முழுக்க யோசித்தார்.
"எனக்கு நேற்று ஒன்றுதான் இருந்தது" என்றார்.

விடை என்னிடம் இல்லை.
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இன்றிரவு?"
"பதினாறில் இரண்டு."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"அந்த இரண்டும் என்ன சொல்கின்றன?"

இத்தனை வருடத்தில்
இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.
லாரியின் படிமேல் மடிக்கணினியைத் திறந்தேன்.
இரண்டிலும் சிவப்பு
இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் மலையிறங்கியது.
ஒன்று பதிமூன்றாவது. அதைச் சொல்லவில்லை.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எஞ்சினை முடுக்கினார்.

திரும்பி வந்தபோது
யெர்னேயா அந்த இரவைப் பதிந்திருந்தாள்.
சரியென்றுமில்லை, தவறென்றுமில்லை,
நானூற்று ஒன்றாவது புள்ளி.
அதனால் வளைந்திருந்த எங்கள் கோடு
ஒரு மயிரிழை நேராகியிருந்தது.

இதை அவரிடம் சொல்லலாம்.
எண் வாங்கி வைக்கவில்லை.